பழைய காரும் மனச்சாட்சியும்



சென்ற சில வாரங்களுக்குள் நம் பங்கைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார் ஏறக்குறைய ஒரே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். "சாமி, வீட்டுக் கார் பழசாய்ப் போய்விட்டது. ரிப்பேர் செய்து வைத்துக்கொள்ளலாமா, அல்லது விற்றுத் தலைமுழுகிவிடலாமா?" என்பதே அந்தக் கேள்வி. இதைக் குருவானவரிடம் கேட்பானேன், மெக்கானிக்கிடம் கேட்டால் போதாதா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நமது பங்கு வீட்டுக் கார் விஷயத்தில் எனக்கு நேர்ந்த ஒரு சோதனை, இந்தக் கேள்வியில் பாதி மெக்கானிக்கைச் சேர்ந்தது, மறுபாதி மனச்சாட்சியைச் சேர்ந்தது என்று எனக்குக் கற்பித்தது. அதை ஒளிக்காமல் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கணக்குப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம். இதில் நம்மவர்கள் சாதாரணமாய் மூன்று தவறுகள் செய்கிறார்கள்.

முதலாவது, ரிப்பேர்ச் செலவைக் காரின் விலையோடு ஒப்பிடுவது. "காரே 60,000 ரூபாய்தான் போகும், அதற்கு 30,000 ரூபாய் ரிப்பேரா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்" என்கிறோம். பழமொழி நல்லதுதான், ஆனால் இந்த இடத்தில் அது வழிதவற வைக்கும். நீங்கள் அந்தக் காரை விலைக்காக வைத்திருக்கவில்லை. அது செய்யும் வேலைக்காக வைத்திருக்கிறீர்கள். ஆகையால் அதே வேலையை வேறு வழியில் முடிக்க என்ன செலவாகும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். 30,000 ரூபாய் ரிப்பேர் இரண்டு வருஷம் நின்றால் மாதத்துக்கு 1,250 ரூபாய் ஆகிறது. கடன் வாங்கிய காருக்கு மாதத் தவணை எவ்வளவு? வாடகைக் காருக்கு மாதம் எவ்வளவு? இந்த மூன்றையும் ஒரே காகிதத்தில் எழுதிப் பாருங்கள். அனேக வீடுகளில் பழைய காரே மலிவு என்று தெரியவரும்.

இரண்டாவது, முன்பே செலவழித்த பணத்தைக் கணக்கில் சேர்ப்பது. "போன வருஷம்தானே கிளட்ச்சுக்கு 12,000 ரூபாய் போட்டேன், இப்போது எப்படி விடுவது?" என்கிறோம். அந்தப் பணம் காரை வைத்தாலும் திரும்பாது, விற்றாலும் திரும்பாது. இனிமேல் ஆகப்போகும் செலவுதான் கணக்குக்கு உரியது. சூதாட்டத்தில் தோற்றவன் தோற்ற பணத்தைப் பிடிப்பதற்காகவே மேலும் மேலும் வைத்து ஆடுகிற புத்தி இது.

மூன்றாவது, எல்லாப் பழுதையும் ஒன்றாக எண்ணுவது. கிளட்ச் பிளேட், பாட்டரி, டயர், பிரேக் ஷூ இவையெல்லாம் தேயும் சாமான்கள். மாற்றினால் அந்த மட்டில் வண்டி புதிதாகிறது. துருவோ அப்படியல்ல. லாரிக்கு அடியில் தனியாய்ச் செசி உண்டு. இக்காலத்துச் சிறு கார்களுக்கு அப்படித் தனிச் செசி கிடையாது. தரைத் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டமும், தூண்களுமே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. வீட்டுக்குச் சுவர் எப்படியோ அப்படியே காருக்கு இந்தத் தகடுகள். உப்புக் காற்று வீசும் நம்மைப் போன்ற கடற்கரை ஊர்களில் இதை முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். ரிப்பேரா விற்பனையா என்று தீர்மானிக்குமுன் வண்டியை ஒருமுறை பள்ளத்தின்மேல் நிறுத்தி அடியில் பார்ப்பது அவசியம்.

இவ்வளவும் மெக்கானிக்கும் பேனாவும் தீர்க்கக்கூடிய காரியங்கள். இனி என்னுடைய கதைக்கு வருகிறேன்.

நமது பங்கு வீட்டுக் கார் 2008-இல் பதிவானது. வெளிநாடு சென்ற ஒரு குடும்பத்தார் அதை நமக்குத் தானமாய்க் கொடுத்துப் போனார்கள். தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள், நானும் பார்க்கவில்லை. தனியார் காரின் பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து வருஷமாய்ப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் மாதத்தில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. நாமும் 2023-இல் அதைக் கட்டிப் புதுப்பித்தோம். அவ்வருஷ டிசம்பர் மாதத்தில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. நமது கார் கொட்டகையில் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. பிறகு உலர்த்தி, எண்ணெய் மாற்றி, ஓட்டினோம், நன்றாகவே ஓடிற்று. அப்போது அடியில் ஒருவரும் பார்க்கவில்லை.

இந்த வருஷம் அதை விற்றுவிடலாம் என்று பங்குப் பேரவையில் பேச்சு வந்தது. கிளைப்பங்குச் சிற்றாலயத்தின் கூரை ஒழுகுவதும், அதற்குக் கையில் பணமில்லாததும் உங்களுக்குத் தெரிந்ததே. 70,000 ரூபாய்க்கு ஒருவர் வாங்க முன்வந்தார். அவர் நம்முடைய கிளைப்பங்கைச் சேர்ந்த வாலிபர். அவருடைய தாயாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் இரண்டு நாள் முப்பது கிலோமீட்டர் தூரம் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்ப வேண்டும். பஸ்ஸில் போய்வந்து அந்த அம்மாள் படும் பாட்டைப் பார்க்கச் சகியாமல், நகையை அடகுவைத்துப் பணம் தேடியிருந்தார்.

காரைக் கொடுக்குமுன் ஒரு தடவை சரிபார்த்துக் கொடுப்போம் என்று மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் பள்ளத்தில் இறங்கி, பின்சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார். அப்பளத்தில் நுழைவதுபோல் அது உள்ளே போயிற்று. துரு பொடிப் பொடியாய் உதிர்ந்தது.

"சாமி, வெள்ளத்துச் சேறு சட்டத்துக்குள்ளேயே தங்கிவிட்டிருக்கிறது. இப்படியே ஓட்டினால் ஆறு மாதமும் ஓடலாம், ஆறு நாளும் ஓடலாம். வேகமாய்ப் போகையில் ஒரு பெரிய குழியில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல முடியாது. வெட்டித் தகடு வைத்து வெல்டிங் செய்ய 40,000 ரூபாய் ஆகும். உள்ளே இன்னும் எவ்வளவு தூரம் துரு ஓடியிருக்கிறது என்று வெட்டின பிறகுதான் தெரியும்" என்றார். பிறகு சற்றுக் குரலைத் தாழ்த்தி, "விற்கிறதாயிருந்தால் 2,000 ரூபாயில் அடியிலே கறுப்புக் கோட்டிங் அடித்துத் தருகிறேன். ஒருவருக்கும் தெரியாது" என்றார். அவர் கெட்டவர் அல்ல. வருகிறவர்கள் வழக்கமாய்க் கேட்பதைத்தான் எனக்கும் சொன்னார்.

அன்று சாயங்காலமே அந்த வாலிபரைச் சந்தித்தேன். "நீயும் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து பார்த்துக்கொள்ளேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, "சாமி வீட்டு வண்டி. அதை ஆள் வைத்துப் பார்த்தால் மரியாதையாயிருக்குமா சாமி?" என்றார்.

பங்கு மக்களே, அந்த நேரத்தில் நான் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பேச்சை வேறு விஷயத்துக்குத் திருப்பிவிட்டேன். அன்று இரவும் மறுநாள் இரவும் எனக்கு நானே நியாயங்கள் தேடினேன். அவர் கேட்கவில்லை, நான் பொய் சொல்லவுமில்லை என்பது ஒரு நியாயம். விலை குறைவுதானே என்பது இரண்டாவது. பணம் எனக்கல்ல, ஆலயக் கூரைக்கு என்பது மூன்றாவது. மூன்றாவது நியாயமே அதிக ஆபத்தானது. தனக்காகச் செய்யக் கூசுகிற காரியத்தை நற்காரியத்துக்காகச் செய்ய மனிதன் கூசமாட்டான்.

செமினாரியில் படித்த காலத்தில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் எழுதிய வேதசாஸ்திரப் பெருநூலில் கிரயவிக்கிரயத்தைப் பற்றிய 77-ஆம் கேள்வியைப் பரீட்சைக்காகப் படித்ததுண்டு. மூன்றாம் நாள் காலையில் அதை எடுத்து மறுபடி வாசித்தேன். சுமார் 750 வருஷத்துக்கு முன் எழுதியவர் என் காரை நேரில் பார்த்ததுபோல் எழுதியிருக்கிறார். அவர் சொல்லுவதன் சாரம் இதுதான்: பழுது வெளிப்படையாய்த் தெரிவதாயிருந்து, விற்பவன் அதற்கேற்ப விலையையும் குறைத்திருந்தால், அதை வாய்திறந்து சொல்ல அவனுக்குக் கடமையில்லை. ஒற்றைக் கண் குதிரையை இதற்கு உதாரணம் காட்டுகிறார். குருட்டுக் கண்ணை வாங்குகிறவனே பார்க்கலாமே! ஆனால் பழுது மறைவாயிருந்து, வாங்குகிறவனுக்கு ஆபத்தோ நஷ்டமோ உண்டாக்குமானால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். நொண்டிக் குதிரையை வேகக் குதிரையென்றும், இடியப்போகும் வீட்டை உறுதியான வீடென்றும், கெட்டுப்போன உணவை நல்ல உணவென்றும் விற்பது வஞ்சகம். அவ்விதம் விற்றவன் நஷ்டத்தை ஈடுசெய்யவும் கடமைப்பட்டவன்.

அவர் மனுஷருடைய சங்கடத்தை அறியாதவரும் அல்ல. அப்படியானால் பழுதைத் தமுக்கடித்து ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டுமா என்ற ஆட்சேபத்தையும் எடுத்துக்கொள்ளுகிறார். வேண்டாம் என்கிறார். அப்படி அறிவித்தால் அந்தப் பொருளுக்குள்ள நல்ல குணங்களையும் பாராமல் எல்லாரும் ஓடிப்போவார்கள். வாங்க வருகிற ஆளிடம் தனியாய்ச் சொன்னால் போதும். அவன் நல்லதையும் கெட்டதையும் சேர்த்துத் தூக்கிப் பார்க்கட்டும். விளம்பரத்தில் பழுதுப் பட்டியல் போட வேண்டியதில்லை. ஆனால் சாவியை வாங்கக் கை நீட்டுகிறவரிடம் மறைக்கக்கூடாது. எவ்வளவு நடைமுறைக்கு ஏற்ற புத்திமதி, பாருங்கள்!

"இது வேதசாஸ்திரம். சட்டம் என்ன சொல்லுகிறது?" என்று பேரவையில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. சுவிசேஷத்தைக் கேட்காதவனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்தானே. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை எடுத்துப் பார்த்தோம். அங்கேயும் ஒரு குதிரை நிற்கிறது! பழுதுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவன் அதை ஏலத்தில் விற்கிறான், பழுதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அந்தப் பெரியவர் முகம் மலர்ந்தது. ஆனால் அடுத்த உதாரணங்களையும் படிக்க வேண்டும். வாங்குகிறவள் அவனுடைய மகளாயிருந்தால், அந்த உறவை முன்னிட்டே, சொல்லுவது அவன் கடமை. வாங்குகிறவன், "நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லதென்றே எடுத்துக்கொள்ளுவேன்" என்று சொல்ல, விற்கிறவன் பேசாமலிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்று தைத்தது. "சாமி வீட்டு வண்டி" என்று அந்த வாலிபர் சிரித்தாரே, அதற்கு அர்த்தம் வேறென்ன? ஆத்தும விஷயத்தில் அவர் எனக்குப் பிள்ளை. என் மௌனத்தை நல்ல வண்டி என்ற வாக்காக அவர் எடுத்துக்கொண்டார். சந்தையில் முன்பின் தெரியாதவனிடம் மாடு வாங்குகிறவன் சுழி பார்ப்பான், பல்லைப் பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான். நம்மை நம்பினதனாலேயே ஒருவன் பாராமல் விட்டால், அவன் பார்க்காததையெல்லாம் நாம் பார்த்துச் சொல்ல வேண்டியவர்களாகிறோம். நம்பிக்கை மிகுந்த இடத்தில் கடமையும் மிகுகிறது.

பேரவையில் எல்லாரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "பழைய கார் வாங்குகிறவன் பழுதிருக்கும் என்று தெரிந்துதான் வாங்குகிறான். உள்ளதைச் சொன்னால் 20,000 ரூபாய்கூட வராது. கூரைக்கு என்ன வழி?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. பெயிண்ட் வெளுத்திருப்பதும், இருக்கை கிழிந்திருப்பதும், இன்ஜின் சற்று இரைவதும் பழைய காருக்கு உள்ளதுதான். வாங்குகிறவர் கண்ணும் காதும் உள்ளவர். ஆனால் பள்ளத்தில் இறங்கி இரும்பைக் குத்திப் பார்த்தால் மட்டுமே தெரிகிற ஆபத்தை "பழைய கார்" என்ற ஒரே வார்த்தைக்குள் மூட்டை கட்ட முடியாது. கறுப்புக் கோட்டிங் அடித்துவிட்டால் அது மௌனம்கூட அல்ல, செய்கையால் சொன்ன பொய்.

அதுவரை பேசாதிருந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "அந்த அம்மாளை நாளைக்கு நாமே இந்தக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோமா?" ஒருவரும் பதில் சொல்லவில்லை. விஷயம் அதோடு தீர்ந்தது.

மறுநாள் அந்த வாலிபரை வரவழைத்து, டார்ச் விளக்கோடு பள்ளத்தில் இறக்கி, துருவைக் காட்டினேன். முன்பே தெரிந்தும் சொல்லாமலிருந்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "காட்டாமலிருந்தால் வாங்கியிருப்பேன் சாமி" என்று மட்டும் சொல்லிப் போனார். அது நன்றியா வருத்தமா என்று எனக்கு விளங்கவில்லை, இரண்டும் சேர்ந்ததாயிருக்கலாம்.

நேர்மைக்கு உடனே வெகுமானம் கிடைத்தது என்று கதை கட்ட எனக்கு மனமில்லை. வெல்டிங் செய்தாலும் முழு உத்தரவாதமில்லை என்றதனால், காரைப் பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்துக்குக் கொடுத்தோம். 2021-ஆம் வருஷத்து விதிகளின்படி ஏற்பட்ட இந்த நிலையங்கள் இரும்பு விலையும் கொடுத்து, வண்டி ஒப்படைக்கப்பட்டதற்குச் சான்றிதழும் தருகின்றன. கிடைத்த தொகை கூரையின் ஒரு மூலைக்கும் போதாது. மழை பெய்தால் சிற்றாலயத்தில் இன்னும் தார்ப்பாய்தான். அந்தத் தாயார் மேலும் இரண்டு மாதம் பஸ்ஸிலேயே போய்வந்தார். பிறகு அவர் மகன் வேறொரு பழைய காரைப் பார்த்தார். வாங்குமுன் நம்முடைய அதே மெக்கானிக்கைக் கூட்டிப்போய், தாமே டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். இப்போது அதில்தான் தாயாரை அழைத்துப் போகிறார்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றே. விற்பதனால் பழுது தீர்வதில்லை, அது கைமாறுகிறது. நம் வீட்டு வாசலைவிட்டுப் போன பழுது இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறது. அந்த வீட்டாருக்கு அது அங்கே நிற்பது தெரியுமா என்பதே நம்முடைய கேள்வி. பழைய காரை விற்பது பாவமென்று ஒருவரும் நினைக்க வேண்டாம். புதுக் கார் வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கு நல்ல பழைய கார் பெரிய உபகாரம். பழுதைச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்து, தெரிந்து வாங்குகிறவருக்கு விற்பது நேர்மையான வியாபாரமே. ஆனால் ஆபத்தான பழுதானால், திருத்தி விற்கலாம், அல்லது உடைக்கக் கொடுக்கலாம், மூடி விற்கலாகாது.

ஆகையால் வீட்டில் இந்தப் பேச்சு வரும்போது கணவனும் மனைவியும் உட்கார்ந்து சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் பழுது என்னவென்று உண்மையில் நமக்குத் தெரியுமா? தெரிந்துகொள்ளாமலிருந்தால் சொல்லவேண்டியதில்லை என்று வேண்டுமென்றே பாராமல் இருக்கிறோமா? ரிப்பேர் செய்தால் வண்டி மாதம் ஒன்றுக்கு என்ன விலையில் ஓடும்? புது வண்டி நமக்குத் தேவையா, அல்லது எதிர்வீட்டு வண்டி நம் தூக்கத்தைக் கெடுக்கிறதா? கடைசியாக, இதில் அடுத்தாற்போல் ஏறப்போகிறவர் நம் பிள்ளையாயிருந்தால் என்ன சொல்லி அனுப்புவோம்? அதையே சொல்லி விற்போம்.

விற்பவர்களுக்கு இன்னொரு புத்திமதி. பணம் கைக்கு வந்ததும் காரியம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். பெயர் மாறாமலிருக்கையில் விபத்து நேர்ந்தால், பதிவில் பெயருள்ளவரே சொந்தக்காரராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நியாயம் ஒரு பக்கத்துக்கு மாத்திரம் அல்ல. விற்கிறவன் அறியாமையால் பொன்னைப் பித்தளை விலைக்குக் கொடுக்க, வாங்குகிறவன் அது பொன் என்று அறிந்தே எடுத்துக்கொண்டால், அவன் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்றும் அர்ச். தோமாஸ் எழுதியிருக்கிறார். கணவனை இழந்த ஒரு பெண், கொட்டகையில் நிற்கும் காரின் மதிப்பு தெரியாமல் "நீங்களே பார்த்துக் கொடுங்கள்" என்று சொன்னால், அந்தச் சொல் உங்களுக்குக் கிடைத்த இலாபமல்ல. உங்கள் தலையில் ஏறிய பாரம்.

கூரைக்கு இன்னும் பணம் சேரவில்லை என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். அது சேருகிறபோது சேரட்டும். அதுவரையில் தார்ப்பாயின் கீழ் நின்று செபிப்பது எனக்கு மனப்பாரமாயில்லை.

உங்கள் பங்குக் குரு